கறுத்த வேர்

ஆகஸ்ட் 12, திங்கள்

உசிலம்பட்டி வண்டி வந்தது. மூன்று மூட்டையில் ஒன்று ஈரம். தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறார்கள். "அண்ணே, நான் வாங்குறது முடி. தண்ணி எங்க போர்லயே வருது" என்று சொல்லி மூட்டையைத் திருப்பி ஏற்றவைத்தேன். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே, "ஒங்கள ஏமாத்த இன்னொரு பிறவி எடுக்கணும்க்கா" என்றார். எடுக்கட்டும்.

ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த இந்த டைரியில் இதுவரை சரக்கு வந்த தேதி மட்டும்தான் குறித்துவந்தேன். இனித் தொழிலைப் பற்றியும் எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்குப் பிறகு குடோனைப் பார்க்கப் போகிறவன் என் மகன் செல்லப்பாண்டி. வாயால் சொன்னால் அவன் காதில் ஏறாது. எழுதிவைத்தால் என்றைக்காவது படிப்பான்.

முடி இரண்டு வகை. கோயிலில் மழித்தது ஒன்று. பெண்கள் தலை வாரிச் சீப்பில் வந்ததைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் செருகிவைப்பார்களே, அந்தச் சிக்கு முடி இன்னொன்று. நம் பிழைப்பு இரண்டாவது. கூடையில் பின்னும் பலூனும் வைத்துக்கொண்டு வாடிப்பட்டித் தெருவெல்லாம் கூவி நான் வாங்கியது இதைத்தான். சிக்கெடுத்த பிறகு வேரெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம் வருகிற மாதிரி அடுக்க வேண்டும். மீனுக்கு இருப்பதுபோல் முடிக்கும் செதில் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் நெரநெரவென்று விரலைப் பிடிக்கும். விரல் சந்தேகப்பட்டால் உதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். உதடு ஏமாறாது. என் மகள் நாகஜோதி ஆறு வயதிலேயே இதில் என்னைத் தோற்கடித்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுக் குடோனில் உட்கார்ந்தால் விளக்கேற்றும் வரை எழுந்திருக்க மாட்டாள். இப்போது கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை வனராஜுக்குப் பனியன் கம்பெனியில் வேலை.

சாயங்காலம் திருப்பூர் பஸ் டிரைவர் ஒரு கவர் கொண்டுவந்தார். "ஒரு தம்பி குடுத்தாரும்மா. ஒங்க கையிலதான் சேக்கணும்னாரு." உள்ளே முடி. எனக்குச் சிரிப்பு வந்தது. நாகுவுக்குப் போன் போட்டேன்.

"என்னடி, புருஷன் வீட்டுக்குப் போயும் ஆத்தா குடோனுக்குச் சரக்கு அனுப்புறியா?"

"என்ன சரக்கு?"

"முடிதான்."

"ஆங்... ஆமாம்மா. சும்மா கெடந்துச்சு."

"நெறையக் கொட்டியிருக்கேடி. சாப்பிடுறியா இல்லையா?"

"இங்க தண்ணி சரியில்லம்மா."

திருப்பூர் தண்ணீரைப் பற்றி ஊருக்கே தெரியும். விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

குடோனில் வேலை செய்யும் குருவம்மாவுக்குக் காய்ச்சல். அவளுடைய ஆணிப் பலகைக்கு முன்னால் நானே உட்கார்ந்து, ஆணியில் முடியை மாட்டி இழுத்துச் சிக்கெடுத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி, தலை வழுக்கையாகிறது என்று அழுதுகொண்டு வந்தாள். "அடி போடி. புள்ள வயித்துல இருந்தப்ப விழ வேண்டியதெல்லாம் விழாம நின்னுச்சு. இப்பச் சேத்து வச்சுக் கொட்டுது. திரும்ப மொளைச்சிரும். அதுவரைக்கும் வீணாக்காம எடுத்து வையி, நானே வாங்கிக்கிறேன்" என்றேன். அழுதவள் சிரித்துவிட்டாள்.

செல்லப்பாண்டி, இதைத் தெரிந்துகொள். ஒரு முடி சில வருஷம் வளரும். மாதத்துக்கு அரை அங்குலம், அதற்கு மேல் எந்த எண்ணெய்க்கும் வளராது. பிறகு களைத்துப்போய் இரண்டு மூன்று மாதம் வேரிலேயே சும்மா குந்தியிருக்கும். அடியில் புதிது முளைத்துத் தள்ளும்போது கழன்று விழும். வளர்கிற முடிகள் ஒரு பெரிய அதிர்ச்சியிலோ காய்ச்சலிலோ ஒரே நேரத்தில் களைத்துப்போகும். அவை கொட்டுவது மூன்று மாதம் கழித்துத்தான். கொட்டுகிற அன்றைக்குக் காரணம் தேடுகிறவன் மடையன். இப்படித் தானாகக் கழன்ற முடியின் அடியைப் பார், நொய்யரிசி மாதிரி வெள்ளையாகக் காய்ந்திருக்கும்.

செப்டம்பர் 9, திங்கள்

திருப்பூர் பஸ்ஸில் இன்னொரு கவர். போன தடவையைவிடப் பெரிது. மூட்டையோடு கொட்டப் போனவள், என்னவோ தோன்றி, வாசல் வெளிச்சத்தில் வெள்ளைத் துண்டு விரித்து அதில் பரப்பினேன்.

வேர் வெள்ளை இல்லை. கறுப்பு. ஒவ்வொன்றின் அடியிலும் பசை காய்ந்த மாதிரி ஒரு மெல்லிய உறை.

தானாகக் கழன்ற முடிக்கு உறை வராது. வளர்ந்துகொண்டிருக்கும் முடியை உயிரோடு இழுத்தால்தான் இப்படி வரும். நீள முடிகளுக்கு நடுவே அங்குல நீளத்தில் குட்டை முடிகளும் கிடந்தன. ஒடிந்தவை என்று நினைத்தேன். நுனி கூராக இருந்தது, புதிதாக முளைத்தவை. அவற்றின் வேரும் கறுப்பு.

எல்லாவற்றையும் திரும்பக் கவரில் போட்டுத் தனியாக எடுத்துவைத்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

செல்லப்பாண்டியிடம் சொன்னேன்.

"பிடுங்குன முடிடா இது. கொத்தாப் பிடிச்சு இழுத்தாத்தான் இப்படி வரும்."

"யாரு இழுக்கிறா?"

"அந்த வீட்டுல ரெண்டே பேருதானடா இருக்காங்க."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். என் மகள் கெட்டிக்காரி என்று அவனிடம் சொன்னேன். வாயால் சொல்லப் பயந்து, அம்மாவுக்குப் புரிகிற பாஷையில் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 12, வியாழன்

நானும் செல்லப்பாண்டியும் திருப்பூர் போய் வந்தாயிற்று. நாகு என்னோடு வந்துவிட்டாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரே அறை, தகரக் கூரை. வனராஜ் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார், தலையெல்லாம் பஞ்சு. "வாங்கத்தை, வாங்க மச்சான்" என்று தண்ணீர் எடுக்கத் திரும்பினார். நாகு தலையில் துண்டு கட்டியிருந்தாள். நான் அதை இழுத்தேன். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். சுற்றிலும் அங்கங்கே முள் முள்ளாகக் குட்டை முடி.

அதற்குப் பிறகு செல்லப்பாண்டியைப் பிடிக்க என்னால் முடியவில்லை. பிடிக்க நான் முயலவும் இல்லை. வனராஜ் திருப்பி அடிக்கவில்லை. பீரோ முனையில் விழுந்து வலது மணிக்கட்டு மடங்கிவிட்டது. சுவரோடு சாய்ந்து என்னைப் பார்த்து, "அத்தை, முடியப் பாத்தீங்கல்ல? நல்லாப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்துட்டுத்தாண்டா வந்திருக்கேன்."

நாகு ஒரு தடவை "அவர விடுங்க" என்றாள். அவ்வளவுதான். அடிபட்ட பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எண்ணெய் காய்ச்சித் தடவினேன். கை பட்டதும் தலையை இழுத்துக்கொள்கிறாள். "இங்க யாருடி ஒன்னய அடிக்கப் போறா?" என்றேன். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறாள். கை சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும். நாளை முதல் குடோனில் குருவம்மா பக்கத்தில் சாக்கு விரித்து உட்காரவைக்கப் போகிறேன்.

செப்டம்பர் 18, புதன்

வேலை செய்கிறாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வேகம் போகவில்லை. கண் எங்கேயோ இருக்கிறது, விரல் மட்டும் ஓடுகிறது. ஒவ்வொன்றாக உருவி, வேரைக் கண்டுபிடித்து, நடுநடுவே உதட்டில் வைத்துப் பார்க்கிறாள். "அக்கா, ஒங்க மக வந்ததுல எங்களுக்கெல்லாம் சோறு போயிரும் போல" என்று குருவம்மா கேலி பண்ணினாள். நாகு லேசாகச் சிரித்தாள். அப்பாடா என்று இருந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். வனராஜ் கையில் மாவுக்கட்டு.

"அடிச்சியாப்பா?"

"இல்லங்க."

"அப்ப முடி எப்படிப் போச்சு?"

அவர் நாகுவைப் பார்த்தார். "நான் சொல்ல மாட்டேன். அவ சொல்லட்டும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். அப்போது நான் எழுந்து, வெள்ளைத் துண்டை அவர்கள் நடுவில் விரித்து முடியைப் பரப்பினேன். உதிர்ந்த வேர் எப்படி இருக்கும், பிடுங்கிய வேர் எப்படி இருக்கும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்து, "இந்தம்மா சொன்னா முடி விஷயத்துல அப்பீலே கெடையாதுப்பா" என்றார்.

இனிப் புருஷன் பெண்டாட்டி இல்லை என்று தீர்த்துவிட்டார்கள். வனராஜின் அம்மா போகும்போது மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றட்டும். என் மகள் தலை தப்பியது.

அக்டோபர் 9, புதன்

ஆயுத பூஜைக்காகக் குடோன் கழுவினோம். நாகு உட்காரும் சாக்கைக் குருவம்மா தூக்கினாள். தூக்கியவள் என்னைக் கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை.

சாக்குக்கு அடியில் ஒரு கோழிமுட்டை அளவுக்கு முடி. சரக்கு முடி இல்லை. சரக்கு முடி இவ்வளவு குட்டையாக இருக்காது. அங்குல நீளம், அரை அங்குல நீளம். நுனி கூர். வேர் கறுப்பு. சிலவற்றில் ஈரம்கூடக் காயவில்லை.

அதை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டேன்.

அங்குல முடி முஷ்டியில் சிக்காது. எவ்வளவு கோபக்காரன் இழுத்தாலும் சிக்காது. இரண்டு விரல் நுனியில் பொறுமையாகத் தேடுகிறவளுக்குத்தான் சிக்கும். அந்தக் குட்டை முடியை நான் போன மாதமே பார்த்தேன். இதே டைரியில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மண்டபத்தில் துண்டு விரித்தபோதும் அது நடுவிலேயே கிடந்தது. ஊரெல்லாம் குனிந்து பார்த்தது.

குருவம்மா, "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்குப் போனேன். நாகு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு மறுபடியும் வெங்காயத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி?"

"தெரியலம்மா."

"வலிக்கலையா?"

"வலிக்கும். ஆனா வேர் வரும்போது தலைக்குள்ள எல்லாம் கொஞ்சம் அமைதியாயிரும். அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சிரும்."

"எத்தன நாளா?"

"எட்டாவது படிக்கிறப்பயிருந்து."

எட்டாவது படிக்கும்போதுதான் கோணல் வகிடு எடுக்க ஆரம்பித்தாள். ஸ்டைல் பண்ணுகிறாள் என்று திட்டியிருக்கிறேன்.

"மண்டபத்துல வாயத் தொறந்திருக்கலாமேடி. அந்த மனுஷன்..."

"பைத்தியம்னு சொல்லிருவாங்கம்மா." பிறகு, "அடிக்கிற புருஷன்னா ஊருக்குப் புரியும்" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெங்காயத்தாலா, வேறு எதனாலா, நான் கேட்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

வனராஜுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"சொல்லுங்கத்தை."

"அந்தக் கவர அனுப்புனது..."

"நான்தான்."

அவரே பேசினார். "யார்ட்டயும் வாயத் தொறந்து சொல்லக் கூடாதுன்னு அவ தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னா. கை வச்ச எடத்துல முடியே இல்லத்தை. சத்தியத்த மீறுனா அவளுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். அதான் வாயத் தொறக்காம, அவ குப்பையில போடுறத எடுத்து அனுப்புனேன். ஒலகத்துல ஒருத்தருக்குத்தான் அத வாசிக்கத் தெரியும்னு நெனச்சேன்."

வைத்துவிட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை. ஆணிப் பலகைக்குப் பொட்டு வைக்கக் கை வரவில்லை. குருவம்மா வைத்தாள்.

அக்டோபர் 17, வியாழன்

மதுரையில் மனநல டாக்டரம்மாவிடம் காட்டினோம். இது ஒரு நோய் என்றார். இதற்குப் பெயர் உண்டு, உலகமெங்கும் உண்டு, திட்டினால் கூடும் என்றார். பழக்கத்தை மாற்றப் பயிற்சி, கூடவே மாத்திரை. ஒரே நாளில் நிற்காது.

"முடி திரும்ப மொளைக்குமா டாக்டர்?"

"சில எடத்துல மொளைக்கும். திரும்பத் திரும்பப் பிடுங்குன எடத்துல வேர் இருக்கிற பையே தழும்பாகிப் போயிருக்கலாம். அங்க வராது."

பையைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. விழுந்த பிறகுதான் முடி என் கைக்கு வரும். தோலுக்குக் கீழே நடப்பது எனக்கு என்ன தெரியும்?

பிறகு டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, "சின்னப் புள்ளையில என்ன வெளையாடும்? சும்மா இருக்கிறப்ப கை என்ன செய்யும்?" என்று கேட்டார்.

நாகு என்னைப் பார்த்தாள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். குடோனைத் தவிர விளையாட்டு என்று ஒன்றையும் சொல்ல எனக்கு வரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

செல்லப்பாண்டி, "மொட்டை போட்டுட்டா எதைப் பிடுங்குவா?" என்றான். டாக்டரம்மா இதைச் சொல்லவில்லை. ஆனாலும் கோயிலுக்குக் கூட்டிப் போய்ப் போட்டுவிட்டோம். நாகு குனிந்து கொடுத்தாள். மிச்சமிருந்த நீள முடி தண்ணீரோடு காலடியில் விழுந்தது. என் கண் தானாக நீளத்தை அளந்தது. அந்தக் கண்ணைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

அவள் குடோனுக்கு வருவதை நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இடது புருவத்தில் பாதி இல்லை.

நவம்பர் 3, ஞாயிறு

இமை முடியும் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பேரையூரில் வனராஜின் அம்மா வீட்டுக்குத் தனியாகப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வனராஜ் வெளியே வந்து நாற்காலி போட்டார். இடது கையால் போட்டார்.

"கை எப்படி இருக்கு மாப்ளே?"

"மாப்ளேன்னு கூப்பிடாதீங்கத்தை." கூப்பிடாதீர்கள் என்று சொன்னவர், அத்தை என்பதை விடவில்லை. "கட்டுப் பிரிச்சாச்சு. வெரல் முழுசா மடங்கல. நூல் அறுந்தா முடிச்சுப் போட முடியல, கம்பெனியில வேணாம்னுட்டாங்க."

காலில் விழப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டார். "வயசுல பெரியவுங்க, வேணாம்" என்றார்.

"அவளுக்கு வைத்தியம் பாக்கிறோம். நீங்க ஒருதடவை வந்து பாத்தீங்கன்னா..."

நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் மச்சானும் செஞ்சது கோவத்துல. அது ஆறிப்போச்சு. மண்டபத்துல அவள்ட்டக் கேட்டாங்கள்ல? அவ என்னய ஒரு பார்வை பாத்துட்டுக் குனிஞ்சா. அது ஆறல. நல்லாப் பாத்துக்கங்க. வெங்காயம் உரிக்கக் குடுங்க, பூக்கட்டக் குடுங்க, வெரலுக்கு வேலை இருந்தா கொஞ்சம் கொறையும். நான் அப்படித்தான் பாத்துக்கிட்டேன்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்து ஏற்றிவிட்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 13, புதன்

வேன் வந்தது. மூட்டையில் ஒன்று ஈரம். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். குருவம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

நவம்பர் 24, ஞாயிறு

மொட்டை போட்ட இடத்தில் அரை அங்குலம் வந்திருக்கிறது, கணக்குப்படி. உச்சியில் வரவில்லை. அங்கே தோல் பளபளவென்று இருக்கிறது. விரலால் தடவினேன், நெரநெரப்பும் இல்லை, வழுக்கலும் இல்லை. இனி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும், அவள் விரல் என் விரலைவிடக் கெட்டிக்கார விரல்.

மத்தியானம் மழை. கரண்டு இல்லை. நாகு சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா கொடுத்த ரப்பர் பந்து எங்கேயோ உருண்டு கிடந்தது. பூவும் கட்டி முடித்துவிட்டாள். முகத்தில் வேர்வை. உதடு துடித்தது. தவிக்கிறாள் என்று தெரிந்தது. நோயைவிட அந்தத் தவிப்பைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

நான் என் கொண்டையை அவிழ்த்தேன். பக்கத்தில் போய் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இத்தனை வருஷத்தில் யார் மடியிலும் நான் படுத்ததில்லை.

"இதுல பிடுங்கு."

"வேணாம்மா."

"பிடுங்குடி. என்னத்த வச்சு என்ன பண்ணப் போறேன்?"

"டாக்டர் திட்டுவாங்க."

"டாக்டர் இங்க இல்ல."

ஒரு கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. என் நெற்றி ஓரத்தில் விரல் நடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, நுனியிலிருந்து வேருக்கு உருவி, பிடிக்காமல் விட்டு, அடுத்ததை எடுத்தது. நான் சொல்லிக்கொடுத்த அதே உருவல்.

"நெறைய நரைச்சிருச்சும்மா" என்றாள். "நரைய மொதல்ல ஒதுக்கணும்னு சொல்லுவியே."

"ஒதுக்கு."

சுருக்கென்று வலித்தது. அவள் மூச்சு மெல்ல இறங்கியது, வயிறு என் கன்னத்தில் ஒட்டி விலகியது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. நான் எண்ணவில்லை. செல்லப்பாண்டி வாசல் வரை வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனான்.

அவள் தூங்கிய பிறகு எழுந்தேன். பக்கத்தில் ஒரு சின்னக் குவியல். பழக்கம் விடுமா? ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

செல்லப்பாண்டி, இதையும் தெரிந்துகொள். நரை முடியைப் பிடுங்கினாலும் வேர் கறுப்பாக வராது, வெள்ளையாகத்தான் வரும். உறையைத் துடைத்துவிட்டால், எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் பார்த்தாலும் தானாக உதிர்ந்தது என்றுதான் சொல்வான். அப்படியே சொல்லட்டும்.